காப்புக் கட்டிய வாரமும் ஓர் ஆங்கில நாடகமும்

போன வாரம் எங்கள் வீட்டு மோட்டார் எரிந்துபோனது. பழனி ரோட்டில் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை ஒன்றில் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை வாங்கப் போனேன். படியில் கால் வைத்ததும் வார்னிஷ் வாசனை. உடனே எனக்கு நானூறு வருஷத்துக்கு முந்தைய ஓர் ஆங்கில நாடகம் ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். மல்லிகை வாசனையில் காதல் ஞாபகம் வருகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எனக்கு வாய்த்தது வார்னிஷ்.

திண்டுக்கல்லில் பி.ஏ. ஆங்கிலம் படித்தபோது அந்த நாடகம் எங்களுக்குப் பாடம். உங்களுக்கும் தெரிந்த கதைதான். இரண்டு பெரிய குடும்பங்கள், ஏன் வந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாத பகை, நடுவில் ஒரு பையனும் பெண்ணும். கடைசியில் ஒரு கடிதம் போய்ச் சேராததால் இருவரும் செத்துப்போவார்கள். எங்கள் சார் அதை விதி, காதல், பகை என்று மூன்று தலைப்பாகப் பிரித்து நோட்ஸ் கொடுத்திருந்தார். மூன்றில் எது காரணம் என்பது இருபது மதிப்பெண் கேள்வி, வருஷம் தவறாமல் வரும். சாணார்பட்டி பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் நோட்டோடு அதை உருப்போட்டவள் நான். இன்றைக்கு எழுப்பிக் கேட்டாலும் முதல் பாராவைச் சொல்லிவிடுவேன்.

பெஞ்சில் என் பக்கத்து இடம் ஜோதிக்கு. கன்னிவாடிப் பக்கத்துப் பெண். வகுப்பில் வாயே திறக்காதவள், இந்த நாடகம் தொடங்கிய மூன்றாம் நாள் எழுந்து நின்றாள். "சார், அந்தப் பையன் அந்தப் புள்ளைக்கு முறையா?"

சாருக்குப் புரியவில்லை. அத்தை மகனோ, மாமன் மகனோ என்று விளக்கினாள். அதெல்லாம் புத்தகத்தில் இல்லையம்மா என்றார். "முறை இல்லைன்னா கஷ்டந்தான் சார்" என்று உட்கார்ந்துவிட்டாள். வகுப்பே சிரித்தது. எல்லோரையும் விட நான்தான் அதிகம் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது அன்று மத்தியானம் தெரிந்தது. அவளுடைய தாய்மாமன் வீடும் அவள் வீடும் ஒரே கிணற்றில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள். மூன்று நாள் இவர்கள் முறை, மூன்று நாள் அவர்கள் முறை. ஒரு கோடையில் முறை தவறி மோட்டார் ஓடிவிட்டது. யார் ஓட்டியது என்பதில் இரண்டு வீட்டுக்கும் இரண்டு கதை. அன்றிலிருந்து பேச்சு கிடையாது, நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து கிடையாது. மாமன் மகன் முருகேசன் திண்டுக்கல்லில் ஒரு காயில் கடையில் வேலை பார்த்தான். சண்டை வராமல் இருந்திருந்தால் ஊரே கூடி அவனுக்கு ஜோதியைக் கட்டிவைத்திருக்கும். சண்டை வந்ததால், சேர வேண்டிய இரண்டு பேரும் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஜோதியோடு துணைக்குப் போய் அந்தக் கடை வாசலில் நான் நின்ற நாட்கள் நிறைய. வார்னிஷ் வாசனை என் தாவணியில் ஏறியது அங்கேதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஜோதி முகம் வெளுத்து வந்தாள். வெள்ளிக்கிழமை தாராபுரத்துக்காரர்கள் பூ வைக்க வருகிறார்களாம். இன்றோடு படிப்பும் நிறுத்தம், சாயங்காலம் அவள் அண்ணன் கல்லூரி வாசலுக்கே வண்டியோடு வந்துவிடுவான், கடைப் பக்கம் போக வழியில்லை. ஆனாலும் அவளிடம் ஒரு யோசனை இருந்தது.

"வெள்ளிக்கெழமைக்குள்ள மாமா தட்டோட வந்து நாலு பேரு முன்னால முறை கேட்டுட்டா எங்கப்பாவால மாட்டேன்னு சொல்ல முடியாது. மச்சான் எப்பிடியாச்சும் மாமாவக் கூட்டியாரணும். இந்தக் கடுதாசிய கன்னிவாடி பஸ் கண்டக்டர்கிட்டக் குடுத்துரு. அவரு மச்சானுக்குச் சேக்காளி, இன்னைக்கே குடுத்துருவாரு."

இங்கேதான் நான் படித்த படிப்பு வேலை செய்தது. நாடகத்தில் கடிதம் கொண்டுபோன சாமியார், கொள்ளைநோய்க்குப் பயந்து ஊர்க்காரர்கள் ஒரு வீட்டில் அடைத்துப் பூட்டிவிட்டதால் நடுவழியில் மாட்டிக்கொள்வார். ஒரு கடிதத்தைக் கொடுக்கத் துப்பில்லாத மனுஷன் என்று வகுப்பில் அவரைக் கேலி செய்தவள் நான். "கடுதாசி வேணாம்டி. கதைல கெட்டதே கடுதாசியாலதான். நான் நேர்ல சொல்றேன்" என்றேன். அவளும் என்னை நம்பி அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டாள்.

சாயங்காலம் கடைக்குப் போனால் முருகேசன் இல்லை. ரெட்டியார்சத்திரம் பக்கம் மோட்டார் தூக்கப் போயிருக்கிறான், செத்த நேரம் இருங்கள் என்றார் முதலாளி. அவரிடம் சொல்கிற சேதியா இது? என் பஸ் கிளம்பும் நேரம். அன்று இருட்டுவதற்குள் வந்துவிட வேண்டும் என்று அம்மா வேறு காலையிலேயே சொல்லியிருந்தாள். நாளைக்குக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏறிவிட்டேன்.

அம்மா சீக்கிரம் வரச் சொன்னது எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாச் சாட்டுக்காக. அந்த வருஷம் தை மாதம் எனக்கு அம்மை போட்டிருந்தது. பிழைத்தால் தீச்சட்டி எடுக்க வைக்கிறேன் என்று அம்மா நேர்ந்திருந்தாள். அன்று சாயங்காலம் பூசாரி என் கையில் மஞ்சள் கயிற்றைக் கட்டினார். காப்புக் கட்டியவர்கள் எட்டு நாளைக்கு ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எனக்குத் தெரியாத விஷயமா என்ன? பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அது அடுத்தவர்களுக்கு. என் கையில் ஏறினால் நானும் போக முடியாது என்பது கட்டி முடித்த பிறகுதான் உறைத்தது.

மறுநாள் காலையில் பையை எடுத்தேன். பரீட்சை இருக்கிறது என்று பொய் சொன்னேன்.

"கைல காப்பு கெடக்கு. எல்லையத் தாண்டுனா ஆத்தா சும்மா விடுவாளா? மேலெல்லாம் முத்து போட்டுக் கெடந்தது மறந்துபோச்சா?" என்றாள் அம்மா. அவள் கண் கலங்கியிருந்தது. மூன்று வாரம் வேப்பிலையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். உண்மையைச் சொன்னால் விடுவாளா என்று யோசித்தேன். சொன்னால் விஷயம் இரண்டே நாளில் ஜோதியின் அப்பா காதுக்குப் போய்விடும். வியாழக்கிழமை மத்தியானம், யாருக்கும் தெரியாமல் எல்லைக் கல் வரைக்கும் நடந்து போனேன். அதற்கு அந்தப் பக்கம்தான் பஸ் நிற்கும் இடம். பஸ் வந்தது, நின்றது, போனது. எனக்குப் பயம். அதற்கு மேல் அலங்காரமாகச் சொல்ல ஒன்றுமில்லை.

எட்டாம் நாள் தீச்சட்டி எடுத்தேன். கை சுடவில்லை. பக்தி என்று ஊரே மெச்சியது. நான் அழுதுகொண்டே நடந்ததையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள்.

காப்பு அவிழ்த்த மறுநாள் கடைக்குப் போனேன். முருகேசன் ஒரு மோட்டாருக்குள் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். பூ வைத்தது அவனுக்கு ஊர் வழியாக ஏற்கெனவே தெரிந்திருந்தது. நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரை சுற்றுவதை நிறுத்தவில்லை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டான்.

"எங்கப்பா கால்ல விழுந்தாச்சும் கூட்டியாந்திருப்பேன், தங்கச்சி" என்றான். மறுபடி கம்பியை எடுத்துக்கொண்டு சொன்னான்: "எனக்குச் சேதி வரலன்னு அவகிட்டச் சொல்லாதீங்க. தெரிஞ்சும் வரலன்னே நெனச்சுக்கிரட்டும். என்னைய வெறுத்துட்டுப் போனாத்தான் போற எடத்துல நிம்மதியா இருப்பா."

எவ்வளவு பெரிய மனசு என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பெரிய மனசின் நிழலில் என் தப்பை நான் சுகமாக ஒளித்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜோதிக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்து அவளைத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஆயக்குடிக் கொய்யா வாங்கி, மிளகாய்ப்பொடி தொட்டுத் தின்றோம். "மச்சானுக்குத் தைரியமில்ல. போகட்டும், விடு" என்றாள். நான் வாயில் கொய்யாவை வைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

காப்புக் கட்டிய அந்த வருஷப் பரீட்சையில் அதே கேள்விதான் வந்தது. விதியே காரணம் என்று எழுதினேன். இருபதுக்குப் பதினாறு.

நாடகத்தில் பிள்ளைகள் இருவரும் செத்த பிறகு அப்பாக்கள் கை கோத்துக்கொள்வார்கள். கன்னிவாடியில் யாரும் சாகவில்லை. அதனால் யாரும் பேசவும் இல்லை. ஜோதிக்கு நல்ல புருஷன் வாய்த்தார். முருகேசன் கோவையில் சொந்தமாகக் கடை வைத்து, கல்யாணம் முடித்து, பிள்ளைகளைப் படிக்க வைத்தான். கிணறு வற்றியது. ஆழ்துளை போட்டுப் பார்த்தார்கள், அதிலும் தண்ணீர் இல்லாமல் மண்புகைதான் வந்தது. கடைசியில் இரண்டு வீட்டாரும் நிலத்தைப் பிளாட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். கிணறு பொது என்பதால் இருவரும் ஒரே பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்ததாம். ஒரே பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்து போட்டுவிட்டு, வேறு வேறு பஸ்ஸில் ஊர் திரும்பினார்களாம்.

போன ஐப்பசியில் ஜோதியின் அம்மா இறந்துபோனார். தாய்மாமன் தன் தங்கைக்குக் கோடிச் சேலை எடுத்துக்கொண்டு, கம்பை ஊன்றி அந்த வாசலில் ஏறினார். பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து ஜோதியும் நானும் வேப்பமரத்தடியில் நின்றபோது, என்ன தோன்றியதோ, சொல்லிவிட்டேன். முருகேசனுக்குச் சேதி போகவே இல்லை, நான்தான் சொல்லவில்லை, காப்புக் கட்டியிருந்தேன் என்று.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். "அந்தச் சாமியாரு மாதிரியா?" என்றாள். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரிஞ்சும் வரலன்னுதான், இம்புட்டு வருசமும் இங்க வந்தா அந்தக் கெணத்துப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன். மோட்டார் ரூம்பு படியிலதான் ரெண்டு பேரும் சின்னதுல வெளையாடுவோம். வாங்க, ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருவோம்." இத்தனை வருஷம் தாராபுரத்தில் இருந்து கொங்குப் பேச்சு ஒட்டிக்கொண்டதில், இப்போது அவள் என்னையே 'வாங்க' என்றுதான் கூப்பிடுகிறாள்.

நடந்தோம். கிணற்றை மூடிவிட்டார்கள் என்று அவளும் கேள்விப்பட்டிருந்தாள், தடமாவது இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். செம்மண் தரையில் வரிசை வரிசையாக வெள்ளையடித்த பிளாட் கற்கள். அடையாளத்துக்கு இருந்த தென்னை இல்லை, படி இல்லை, வாய்க்கால் இல்லை. இங்கனதான் என்று ஒரு கல்லருகே நின்றாள். இல்லை என்று அடுத்த கல்லுக்குப் போனாள். வெயில் சாயும் வரை சுற்றிச் சுற்றி வந்தோம். எது கிணறு என்று அவளால் சொல்ல முடியவில்லை.