சித்ராதேவிக்கு யார் மீதும் நம்பிக்கையில்லை

சித்ராதேவியால் ஒரு இடத்தில் ஐந்து நிமிடம் உட்கார முடியாது என்று இன்று அவளைப் பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். பொங்கியண்ணன் கம்பெனியில் அவளோடு வேலை பார்த்தவர்களுக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கும். அங்கே அவள் காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுவாள். மேஜை மேல் துணிச் சாம்பிள்கள் குவிந்து கிடக்கும், போன் ஓயாமல் அடிக்கும். எதுவும் அவளைக் கலைக்காது.

சேவூரில் தறி ஓட்டிய குடும்பம் அவளுடையது. அப்பா குமாரவேல் இருந்த விசைத்தறிகளை விற்று மகளைக் கோயம்புத்தூரில் படிக்க வைத்தார். படிப்பு முடிந்ததும் திருப்பூரில் பொங்கியண்ணனின் பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை கிடைத்தது. வெளிநாட்டில் துணி வாங்குகிறவருக்கும் இங்கே தைக்கிறவருக்கும் நடுவில் நிற்கிற வேலை அது. வாங்குகிறவரைத் திருப்பூரில் பையர் என்பார்கள். ஒரு நல்ல பையர் அமைந்துவிட்டால் ஒரு கம்பெனியே நிமிர்ந்துவிடும்.

டென்மார்க்கில் கைக்குழந்தை உடுப்பு விற்கும் ஒரு நிறுவனத்துக்காக ஹென்ரிக் என்பவர் வந்துபோவார். அவரைப் பிடித்தது சித்ராதேவிதான். முதலில் ஒரு சின்ன ஆர்டர் கொடுத்தார். அது நன்றாகப் போனதும் அடுத்தது, அதற்கடுத்தது என்று வளர்ந்து, கம்பெனியில் பாதித் தையல் அவருக்காகவே நடந்தது. பொங்கியண்ணனுக்கு இங்கிலீஷ் வராது. பொங்கலூரில் தோட்டம் வைத்திருந்த குடும்பம், நாலைந்து மிஷினில் தொடங்கி மேலே வந்தவர். பையர் விஷயம் முழுவதையும் அவள் கையில் விட்டிருந்தார்.

ஒரு வருஷம் ஹென்ரிக் கம்பெனிக்காரர்களைத் தன் ஊருக்கு அழைத்தார். சித்ராதேவி பாஸ்போர்ட் எடுத்தாள், குளிருக்கு ஒரு கோட்டும் வாங்கி வைத்தாள். பொங்கியண்ணன் தன் மகன் தரணீதரனைக் கூட்டிக்கொண்டு போனார்.

"பையனும் நாலு எடம் பார்த்துப் பழகட்டும் கண்ணு. நீயும் வந்துட்டா இங்க ஷிப்மெண்ட் யாரு பார்க்கறது?" என்றார். அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

திரும்பி வந்ததும் அப்பாவும் மகனும் ஹென்ரிக்கோடு நிற்கும் படம் ஆபீஸ் சுவரில் ஏறியது. தரணீதரன் அவளுக்கு ஒரு சாக்லேட் டப்பா கொண்டுவந்து கொடுத்தான். அன்று வீட்டுக்குப் போனதும் புருஷன் முருகேஷிடம், "அவரு என்னோட பையருங்க. நான் புடிச்சது" என்றாள்.

முருகேஷ் அங்கேரிபாளையத்தில் சின்ன யூனிட் வைத்துப் பிற கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். "அவங்க கம்பெனி பேரைச் சொல்லித்தான சித்ரா புடிச்ச?"

"பேருதான் அவங்களுது. நாக்கு என்னுது."

அது அத்தோடு போயிருக்கும். ஆனால் அடுத்த சில மாதங்களில் பொங்கியண்ணனுக்கு நெஞ்சு வலி வந்து கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆனது. பயப்பட ஒன்றுமில்லை, கொஞ்ச நாளில் ஆபீஸ் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சித்ராதேவிக்கும் அது தெரியும். தெரிந்தும் ஒருநாள் காலை ஹென்ரிக்குக்குத் தன் சொந்த முகவரியிலிருந்து எழுதினாள். பெரியவர் இனித் தொழிலுக்குத் திரும்ப மாட்டார், மகனுக்கு இதில் நாட்டமில்லை, குளிர்கால ஆர்டர் நின்றுபோனால் உங்களுக்குத்தான் நஷ்டம், என் கணவரின் நிறுவனத்தில் இதே தரத்தில் இன்னும் குறைந்த விலைக்குச் செய்து தருகிறேன் என்று எழுதினாள்.

அன்று மத்தியானமே சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பொங்கியண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ இருக்கங்காட்டித்தான் கண்ணு நான் இங்க படுத்திருக்கறேன். இல்லாட்டி இந்த டியூபையெல்லாம் புடுங்கிப் போட்டுட்டு அன்னைக்கே வந்திருப்பேன்."

அவளுக்கு அங்கே நிற்க முடியவில்லை. வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினாள். லிஃப்ட் வரும்வரை பொறுக்காமல் படியில் இறங்கினாள்.

ஹென்ரிக் சரி என்றார். அவள் வேலையை விட்டாள். பொங்கியண்ணன் எழுந்து வந்தபோது பாதி மிஷின்கள் மூடிக் கிடந்தன. தைத்தவர்களில் பலர் வேறு கம்பெனிகளுக்குப் போய்விட்டிருந்தார்கள். தரணீதரன் ஒரே ஒரு தடவை முருகேஷின் யூனிட் வாசலுக்கு வந்தான்.

"எங்கப்பனுக்கு நெஞ்சப் பொளந்து தெச்சிருக்குதுங்க அக்கா. அந்த நேரத்துலயா உங்களுக்குத் தோணுச்சு?"

 பதிலுக்குக் காத்திருக்காமல் அவன் பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பெருமாநல்லூர்ப் பக்கம் புதுக் கட்டடம் எழுந்தது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சித்ராதேவி முதலாளி ஆனாள். பையரின் கடிதங்களுக்குப் பதில் எழுதவும் சாம்பிள்களைப் பார்க்கவும் அவளுக்கே ஒரு மெர்ச்சண்டைசர் தேவைப்பட்டது.

அப்படி வந்தவள் ஜெயபாரதி. கணியூர்ப் பெண். படித்து முடித்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆனால் ஒரு விஷயத்தை இரண்டாம் தடவை அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஹென்ரிக் போனில் கேட்கும்போதே சாம்பிளைக் கையில் எடுத்து வைத்திருப்பாள். முதல் மாதம் சித்ராதேவி அவளைப் பற்றி எல்லோரிடமும் பெருமையாகப் பேசினாள். இரண்டாம் மாதம் ஹென்ரிக் நேரில் வந்தபோது, ஜெயபாரதி ஏதோ சொல்ல, அவர் சத்தமாகச் சிரித்தார். சித்ராதேவி நிமிர்ந்து பார்த்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பழக்கமானது. அவளிடமும் அவர் அப்படித்தான் சிரிப்பார்.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஹென்ரிக்குக்குப் போகும் ஒவ்வொரு கடிதமும் தன் பார்வைக்கு வந்தாக வேண்டும் என்றாள். ஆபீசில் கேமரா வைத்தாள். அது போதாதென்று ஜெயபாரதியின் மேஜையைத் தன் அறைக்கு எதிரே போடச் சொன்னாள். போனை வாசலில் கொடுத்துவிட்டு உள்ளே வரவேண்டும் என்று எல்லோருக்கும் ஒரு விதி வந்தது. கூரியர்கள் வீட்டு முகவரிக்கு வர ஆரம்பித்தன. தையல் பகுதிக்கும் ஆபீசுக்கும் நடுவே அவள் நடந்துகொண்டே இருந்தாள். சிவன்மலைக் கோயிலுக்குப் போனாலும் வரிசையில் பாதியிலேயே விலகி வந்து போனைப் பார்ப்பாள்.

"அந்தப் புள்ளை என்ன பண்ணுச்சு சித்ரா?" என்று முருகேஷ் ஒருநாள் கேட்டான்.

"இன்னும் ஒண்ணும் பண்ணுலீங்க."

"அப்புறம்?"

"பண்றதுன்னா எப்படிப் பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியுமுங்க."



ஹென்ரிக் அடுத்த முறை வந்திருந்தபோது, வெள்ளிக்கிழமை தனக்கு வேலையில்லை, எங்காவது கிராமப் பக்கம் போய்ப் பார்க்கப் போகிறேன் என்றார். அதே வெள்ளிக்கிழமைக்கு ஜெயபாரதி லீவு கேட்டாள். காரணம் கேட்டதற்கு, "ஊட்டுல ஒரு வேலைங்க மேடம்" என்று மட்டும் சொன்னாள். சித்ராதேவி லீவு கொடுத்தாள். வெள்ளிக்கிழமை காலை டிரைவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தானே காரை எடுத்தாள்.

பல்லடம், உடுமலை தாண்டி மடத்துக்குளம் போகும்வரை அவள் மனதில் ஒரே காட்சி ஓடிக்கொண்டிருந்தது. ஜெயபாரதி வீட்டில் ஹென்ரிக் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் யாரோ ஒருவன், அவளுடைய அண்ணனோ மாமனோ, சின்ன யூனிட் வைத்திருப்பவன். பேச்சு நடக்கிறது. அவள் உள்ளே நுழைகிறாள். எப்படி நுழைவது, என்ன சொல்வது என்பதை வழி நெடுக யோசித்துக்கொண்டே போனாள்.

கணியூரில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். வாசலில் நிறையச் செருப்புகள் கிடந்தன. ஒரு கார் நின்றது. அவள் விடுவிடுவென்று உள்ளே போனாள். கூடத்தில் பட்டுச்சேலையில் பெண்கள், வெள்ளை வேட்டியில் ஆண்கள், நடுவே மொடமொடப்பான சட்டையில் ஒரு இளைஞன். தட்டுகளில் கேசரியும் பஜ்ஜியும் இருந்தன. ஜெயபாரதியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள்.

அம்மாக்காரிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. மகளின் முதலாளி என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துபோனது. "வாங்க, வாங்க மேடம். பாப்பா யாருக்குஞ் சொல்லலீன்னாளே. இத்தனை தூரம் வந்திருக்கறீங்க, எங்க பாக்கியமுங்க" என்று கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"இந்தப் பக்கம் ஒரு சோலியா வந்தேனுங்க" என்றாள் சித்ராதேவி. அவள் கண்கள் உள் அறையின் கதவுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஹென்ரிக்கை உள்ளே உட்கார வைத்திருப்பார்களோ என்ற எண்ணம் இன்னும் அவளை விடவில்லை. அது வாயில் வந்துவிட்டது.

"வேற யாரும் வரலீங்களா, ஜெயபாரதியப் பார்க்க?"

மாப்பிள்ளையின் பெரியப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "வேற யாருங்க வரோணும்?"

"இல்லீங்க, கூட வேலையில பழகறவங்க ஆராச்சும்..." என்று இழுத்தாள். சொல்லச் சொல்ல அது இன்னும் மோசமாவது அவளுக்கே தெரிந்தது. ஜெயபாரதி தட்டோடு கதவருகில் நின்றிருந்தாள். அவள் முதலாளியம்மாவின் வியர்த்த முகத்தைப் பார்த்தாள், கையில் இறுகியிருந்த கார் சாவியைப் பார்த்தாள். அம்மாவைத் தவிர அங்கே எல்லோருக்கும் ஏதோ ஒன்று புரிந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டாருக்குப் புரிந்தது வேறு, ஜெயபாரதிக்குப் புரிந்தது வேறு.

அந்தச் சம்பந்தம் அமையவில்லை. திங்கட்கிழமை ஜெயபாரதி வந்து அடையாள அட்டையை மேஜை மேல் வைத்தாள்.

"நீங்க எதுக்கு வந்தீங்கன்னு எங்கம்மாவுக்குத் தெரியலீங்க மேடம். வாழ்த்த வந்தீங்கன்னு இன்னும் சொல்லிட்டு இருக்கறாங்க. நானும் அப்படியே உட்டுட்டேன்."

"ஜெயா, நான் சொல்றதக் கொஞ்சம்..."

"உங்க பையர் எனக்கு வேண்டாமுங்க. எப்பவும் வேண்டியிருந்ததில்ல" என்றாள். நமஸ்காரம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

ஹென்ரிக் அந்த வெள்ளிக்கிழமை பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அது தெரிந்தும் சித்ராதேவிக்கு அடங்கவில்லை. ஜெயபாரதியின் மெயிலைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, அவள் இத்தனை நாள் ஹென்ரிக்குக்கு எழுதியதையெல்லாம் முதலிலிருந்து படித்தாள். எங்காவது ஒரு வார்த்தையாவது சிக்காதா என்று பார்த்தாள். ஒன்றும் சிக்கவில்லை. பழையதைத் தோண்டிக்கொண்டிருந்த அந்த வாரத்தில் புதிதாக வந்தவற்றை அவள் திறக்கவில்லை. ஆபீசில் இருந்த மற்றவர்களுக்குத் திறக்க அனுமதியும் இல்லை.

அவற்றில் ஒன்றில் ஹென்ரிக் ஜெயபாரதிக்கு எழுதியிருந்தார். குழந்தை உடுப்பில் வைக்கும் அழுத்துப் பொத்தான் சோதனையில் கழன்று வருகிறது, குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் ஆபத்து, உடனே வேறு பொத்தானுக்கு மாற்றுங்கள் என்று கேட்டிருந்தார். யாரும் மாற்றவில்லை. பழைய பொத்தானோடே சரக்கு முழுவதும் கப்பல் ஏறியது. டென்மார்க்கில் அதை இறக்க மறுத்துவிட்டார்கள்.

சித்ராதேவி போனில் கெஞ்சினாள். ஹென்ரிக் கோபப்படவில்லை. இனி ஆர்டர் இல்லை என்றார். பிறகு தயங்கி இன்னொன்றும் சொன்னார். பொங்கியண்ணன் குணமாகி ஆபீஸ் வந்த வாரமே, தான் தொழிலுக்குத் திரும்பிவிட்டதாக மகனை வைத்து ஹென்ரிக்குக்கு எழுதியிருந்தாராம். "உங்கள் விலை குறைவாக இருந்தது. அதனால் நான் அதைப் படிக்காத மாதிரி இருந்துவிட்டேன்" என்றார். அவர் குரலில் கொஞ்சம் வெட்கம் இருந்தது. அது யாருக்கும் உதவவில்லை.

அடுத்த வருஷத்துக்குள் கட்டடம் ஒரு குடோனுக்கு வாடகைக்குப் போனது. மிஷின்களை விற்பது என்று முடிவானபோது, வாங்க வந்தவர்களில் தரணீதரனும் ஒருவன். அப்பாவையும் கூட்டி வந்திருந்தான். பொங்கியண்ணன் மெலிந்திருந்தார். மிஷின்களை ஒவ்வொன்றாகக் கையால் சுற்றிப் பார்த்தபடி போனார். அவர் தன்னை நாலு வார்த்தை திட்டுவார் என்று சித்ராதேவி கூடவே நடந்தாள். அவர் ஊசியைப் பற்றியும் எண்ணெயைப் பற்றியும்தான் கேட்டார். அவளால் தாங்க முடியவில்லை.

"அய்யா, என்னையொரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?"

அவர் நின்றார். "கேட்டா நீ ஒரு பதில் சொல்லுவ. அதை நம்பறதா வேண்டாமான்னு நான் யோசிக்கோணும். அதுக்கெல்லாம் எனக்கு இப்பத் தெம்பில்ல கண்ணு."

முருகேஷ் இப்போது வேறொருவர் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறான். யாரையும் குறை சொல்வதில்லை, வீட்டில் அதிகம் பேசுவதும் இல்லை. ஜெயபாரதிக்கு உடுமலைப் பக்கம் கல்யாணமாகிவிட்டது என்று கேள்வி. சித்ராதேவி காங்கயம் ரோட்டில் ஒரு கம்பெனியில் மறுபடியும் மெர்ச்சண்டைசர். முதலாளி நல்ல மனிதர். அவளுக்கு உதவிக்குத் தேஜஸ்ரீ என்றொரு பெண்ணைப் போட்டிருக்கிறார்.

போன மாதம் சேவூரில் தங்கை மகனுக்குக் காதுகுத்து. அன்று சாயந்திரம் ஒரு ஜெர்மன் பையர் கூப்பிடுவதாக இருந்தார். "நான் பேசிக்கறனுங்க மேடம். நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க" என்றாள் தேஜஸ்ரீ. சித்ராதேவி சேலை மாற்றிக்கொண்டு, குழந்தைக்கு வாங்கிய துணிப் பையோடு அவிநாசி பஸ் ஏறினாள். ஜன்னலோரம் இடமும் கிடைத்தது. அனுப்பர்பாளையம் வந்ததும் இறங்கிவிட்டாள். எதிர்ப்பக்கம் போய்த் திரும்பும் பஸ்சைப் பிடித்தாள்.

அவள் ஆபீஸ் கதவைத் திறந்தபோது தேஜஸ்ரீ போனில் பேசிக்கொண்டிருந்தாள். மேடம் குடும்ப விசேஷத்துக்குப் போயிருக்கிறார், நாளைக்கு அவரே உங்களிடம் பேசுவார் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தவள், "பஸ்சு கெடைக்கலீங்களா மேடம்?" என்றாள்.

"ஆமா கண்ணு. ஒரே கூட்டம்" என்றாள் சித்ராதேவி.