பதினைந்தாவது விண்ணப்பம்

எங்கள் பள்ளியில் புவியியல் நடத்தியவரைப் பூகோளம் டீச்சர் என்றுதான் எல்லாரும் சொல்வோம். அவர் முன்னாலேயே சொல்வோம். அவர் கோபித்துக்கொண்டது கிடையாது. தவறாக எழுதினால்தான் அவருக்குக் கோபம் வரும். எங்கே தப்பைக் கண்டாலும் விட்டுவிட்டுப் போக அவருக்குத் தெரியாது. யாரோ கொடுத்த கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்துக்கு வழி போட்டிருந்த படத்தில் வடக்கு எது என்று காட்டவில்லையாம். சிவப்புப் பேனாவால் அம்புக்குறி போட்டு, பத்திரிகை கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தக் கல்யாணத்துக்கு அவரும் போனார், சாப்பிட்டார், வழி சரியாக இருந்தது என்று வேறு சொல்லிவிட்டு வந்தார்.

அவருடைய கணவர் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்ப்பவர். பிள்ளைகள் இல்லை. இருபத்தொரு வருடமாக ஒரே பள்ளி, ஒரே பாடம். நாங்கள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது அந்தப் பாடத்துக்கே ஆபத்து வந்தது. பதினொன்றாம் வகுப்பில் புவியியல் பிரிவுக்குக் குறைந்தது பதினைந்து பேர் வேண்டும், இல்லையென்றால் அடுத்த வருடத்திலிருந்து அந்தப் பிரிவு கிடையாது என்று தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார்.

"போன்லயே மேப் இருக்கு டீச்சர். இதை எந்த வீட்ல படிக்கச் சொல்லுவாங்க?" என்று அவர் கேட்டது ஆசிரியர் அறைக்கு வெளியே நின்ற எங்களுக்கே கேட்டது.

"அப்ப வீட்டுக்காரங்களையே வரவழைக்கிறேன் சார்" என்றார் டீச்சர்.

அப்படி வந்ததுதான் நிழல் பாடம். டிசம்பர் மாதம். முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலை வெயிலில் நேராக நிறுத்த வேண்டும். மணி பார்க்க வேண்டாம். நிழல் எப்போது மிகவும் குட்டையாகிறதோ அப்போது அதை அளந்து எழுத வேண்டும். வீட்டில் உள்ளவர்களும் கூடவே இருக்க வேண்டும். வெளியூரில், வெளிநாட்டில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அவர்களையும் அதே வாரத்தில் அளக்கச் சொல்லி வாங்க வேண்டும். வடக்கே தள்ளிப் போகப் போக நிழல் நீளும். உலகம் உருண்டை என்பதை நம் வீட்டு மாடியிலேயே பார்க்கலாம் என்றார்.

முதலில் சிரித்தோம். பிறகு வீடுகளில் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. ஒரு மாதத்தில் பதினான்கு பேர் புவியியலுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். நானும் அதில் ஒருத்தி. பதினைந்தாவது ஆள் என் சிநேகிதி. அம்மா தையல்காரர் என்பதால் அவள் பையில் எப்போதும் ஒரு அளவு நாடா இருக்கும். அதனால் அவளுக்கு நாடா என்றே பெயர். எதையும் அளந்துதான் நம்புவாள்.

"எங்கம்மா ஒத்துக்கணும் டீச்சர். பெற்றோர் கூட்டத்துக்கு வருவாங்க. அங்க நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா கையெழுத்து போட்ருவாங்க" என்று அவள் சொன்னாள். டீச்சர் அந்த ஒரு விண்ணப்பத்தைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டார்.

நாடாவின் அப்பா வெளிநாட்டில் இருந்தார். வடக்கே, பனி பெய்கிற நாடு. துறைமுகத்தில் வேலை என்று போய் இரண்டு வருடம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இன்டர்நெட் வழியாகப் பேசுவார். கேமரா உடைந்த போன் என்பதால் முகம் தெரியாது, குரல் மட்டும்தான். பனியில் நடந்தால் ஷூவுக்குள் எப்படித் தண்ணீர் போகும் என்றெல்லாம் அவர் சொன்னதை அவள் வகுப்பில் வந்து சொல்வாள். நாங்கள் வாயைப் பிளந்து கேட்போம்.

அவர் முதலில் சொல்லி அனுப்பிய அளவு இருபத்தொன்றரை சென்டிமீட்டர்.

"தப்பு" என்றார் டீச்சர் உடனே. "அந்த ஊர்ல எழுபதுக்கு மேல வரணும். ஸ்கேலைச் சாய்ச்சு வெச்சிருப்பார். இன்னொரு தடவை பொறுமையா அளக்கச் சொல்லு."

பெற்றோர் கூட்டம் ஜனவரியில் ஒரு சனிக்கிழமை நடந்தது. பெரிய வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரம் தள்ளி, சுவர் முழுக்க உலகப் படம் ஒட்டி, எல்லாருடைய அளவையும் அதில் குத்தியிருந்தோம். நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். இவ்வளவு கூட்டத்தைத் தலைமை ஆசிரியரே எதிர்பார்க்கவில்லை.

"நிழலைக்கூட அளந்துதான் வாங்குவீங்களா டீச்சர்?" என்றார் மளிகைக்கடைக்காரர்.

"உங்க கடைத் தராசைவிட இது நாணயமானது" என்றார் டீச்சர். எல்லாரும் சிரித்தார்கள், கடைக்காரரும்தான்.

ஒரு பஸ் டிரைவர் எழுந்து, "இருபது வருஷமா வண்டி ஓட்டுறேன். வடக்கு எதுன்னு கேட்டா கையை எந்தப் பக்கம் நீட்டுறதுன்னு போன மாசம் வரைக்கும் எனக்குத் தெரியாதும்மா" என்றார். அதற்குக் கைதட்டல். டீச்சரின் முகத்தை அப்படி ஒரு மலர்ச்சியோடு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்போதுதான் நாடா எழுந்து புதிய அளவைக் கொடுத்தாள். "ரெண்டாவது தடவையும் அளந்துட்டார் டீச்சர். மூணு நாள் அளந்தாராம். எல்லா நாளும் இருபத்தொண்ணுக்குக் கிட்டதான் வருதாம்."

"மூணு நாளா?" டீச்சர் சாக்பீஸை எடுத்துவிட்டார். விடை கிடைக்காத கணக்கைக் கண்டால் பக்கத்தில் இருக்கிறவர்களையே அவர் மறந்துபோவார். "அப்ப அளந்ததுல தப்பே இல்ல. மூணு தடவை ஒரே மாதிரி வந்தா அது சரியாத்தான் இருக்கும். ஸ்கேல் முப்பது, நிழல் இருபத்தொண்ணு… நம்ம ஊர்ல எவ்வளவு? இருபத்தொண்ணு. அப்போ இந்த இடம் பனி நாட்டுல இருக்கவே முடியாது. நாம இருக்கிற இந்தக் கோட்டு மேலதான்…"

கரும்பலகையில் கோட்டை இழுத்துக்கொண்டே போன கை பாதியில் நின்றது. அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் சொல்லி முடித்துவிட்டார். நாற்பது பேரும் கேட்டுவிட்டார்கள்.

"எங்கயோ… ஸ்கேல் மாறியிருக்கும்" என்றார். பொய் சொல்லிப் பழகாத குரல். யாரும் நம்பவில்லை. நாடாவின் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு, மகளின் தோளைத் தொட்டு, "வா போலாம்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாடா அப்பாவிடம் நேராகக் கேட்டாள். அவர் ஒப்புக்கொண்டார். வேலை வாங்கித் தருவதாகச் சொன்னவன் கொடுத்த தாள்கள் எல்லாம் போலி. போன முதல் மாதமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊரே வழியனுப்பி வைத்த மனிதர், எந்த முகத்தோடு திரும்பி வருவது என்று தெரியாமல், பஸ்ஸில் ஐந்து மணி நேரத் தூரத்தில் ஒரு குடோனில் மூட்டை தூக்கிக்கொண்டு அங்கேயே படுத்துக் கிடந்திருக்கிறார். மறுநாளே அம்மா பஸ் ஏறிப் போனார். குடோனில் அவர் இல்லை. விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டாராம். போனும் அணைந்துவிட்டது.

பத்து நாள் கழித்துப் பூகோளம் டீச்சர் அவர்கள் வீட்டுக்கு வந்தார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். ஒரே அறை. பாதி இடத்தைத் தையல் மெஷின் பிடித்துக்கொண்டிருந்தது. டீச்சரை உட்காரச் சொல்ல நாடா ஸ்டூலிலிருந்த துணிகளை எடுத்தாள். அவர் உட்காரவில்லை.

"நான் தப்பு பண்ணிட்டேங்க" என்றார்.

அம்மா மெஷினை நிறுத்தவில்லை. "நீங்க என்ன தப்பு பண்ணீங்க? கணக்கு சரியாத்தானே இருந்துச்சு."

"அதை நான் அங்க வெச்சுச் சொல்லியிருக்கக் கூடாது."

"எங்க வெச்சுச் சொன்னாலும் அதேதான் டீச்சர். தெரியாம இருந்த வரைக்கும் வாரத்துக்கு ஒரு தடவை மனுஷன் குரலாவது இந்த வீட்ல கேட்டுச்சு." அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "வெயில்ல நின்னு மூணு நாள் அளந்திருக்காரே, பாவி. வாய்க்கு வந்த ஒரு நம்பரைச் சொல்லியிருக்கலாம்ல. பொண்ணுக்குப் பாடமாச்சேன்னு…"

அடுத்த துணியை எடுத்து மெஷின் ஊசிக்கு அடியில் தள்ளினார். நாடா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டீச்சரின் பை திறந்திருந்தது. அந்த விண்ணப்பத்தின் ஓரம் வெளியே தெரிந்தது. மறுநாள்தான் கடைசி நாள் என்று டீச்சருக்கும் நாடாவுக்கும் எனக்கும் தெரியும். அவர் பையை மூடிக்கொண்டு, "வரேங்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

மறுநாள் தலைமை ஆசிரியரே இறங்கி வந்து பேசியிருக்கிறார். "ஒண்ணே ஒண்ணுதானே டீச்சர் குறையுது? அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டா ஆச்சு. சாயங்காலம் வரைக்கும் நான் பொறுத்துக்கிறேன்."

"அந்த வீட்ல நான் கேக்க மாட்டேன் சார்" என்று சொல்லி, பதினான்கை மட்டும் மேஜையில் வைத்துவிட்டாராம்.

பிரிவு மூடப்பட்டது. எங்கள் பதினான்கு பேரையும் வேறு வேறு பிரிவுகளில் பங்கு போட்டார்கள். நான் வணிகவியலில் போய் விழுந்து, ஒருவழியாக இந்த வருடம் வெளியே வந்துவிட்டேன். டீச்சருக்கு ஆறாம் வகுப்பும் நூலகப் பொறுப்பும் கொடுத்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எதையாவது தப்பாகச் சொன்னால் இப்போது உடனே திருத்துவதில்லையாம். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிறாராம். அங்கே படிக்கும் என் தம்பி சொன்னான்.

நாடா இப்போது அம்மாவோடு தைக்கிறாள். அப்பாவிடமிருந்து இன்னும் ஒரு தகவலும் இல்லை. போன வாரம் அவளோடு உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தபோது அவளாகவே சொன்னாள்:

"அன்னைக்கு வந்தாங்கல்ல, பையில ஃபாரம் இருந்துச்சு. நான் பார்த்தேன். எப்ப எடுப்பாங்க, எப்ப எடுப்பாங்கன்னு நின்னுட்டு இருந்தேன்டி. அம்மாவும் கையெழுத்து போட்டிருப்பாங்க. அவங்க கேக்கவே இல்ல."

பள்ளிக்கூடம் எங்கள் தெருவிலிருந்து பத்து நிமிட நடை. போய்ச் சொல்லிவிடலாம். அந்த வீட்டில் யாருக்கும் அவர் மேல் கோபமில்லை என்று தெரிந்தால் அவருக்கு ஆறுதலாக இருக்கும். கேட்டிருந்தால் பாடம் பிழைத்திருக்கும் என்பதும் அதே பேச்சில் தெரிந்துவிடும். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க எனக்கு வழி தெரியவில்லை. இரண்டு தடவை பள்ளி வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.