புதன்கிழமை வந்த குளிர்காற்று

இந்தக் கோடை முழுவதும், நான் மகனோடு இருக்கும் ரவுண்ட் ராக் என்ற இந்த வெளிநாட்டு ஊரில் வெயில் கொளுத்துமாம். நடுவில் எப்போதாவது ஒருநாள் குளிர்காற்று வந்து போகுமாம்.

போன மாதம் தனியாக நூலகத்துக்கு நடந்தேன். வழி தவறிய கிழவி என்று நினைத்து யாரோ காரில் ஏற்றி வீட்டில் விட்டார்கள். அன்றிலிருந்து மகன் துணையில்லாமல் வெளியே போகக்கூடாது. அதுவும் வெயில் தணிந்தால்தான்.

இன்று, புதன்கிழமை, தணிந்தது. இஸ்திரி போட்ட புடவையோடு அவன் அறை வாசலில் நின்றேன்.

"இன்னிக்கு ஃபுல்லா மீட்டிங்மா. சாட்டர்டே போலாம்."

"சனிக்கிழமை மறுபடி நூறு டிகிரிடா."

"அப்ப நெக்ஸ்ட் குளிர்காத்து வரட்டும்மா."

அடுத்ததும் வாரநாளில்தான். வானிலை அறிக்கையில் பார்த்துவிட்டேன்.

சனிக்கிழமைகளில் குளிர்காற்று வரும் ஊர் எங்காவது இருந்தால் எழுதுங்கள். மகனை அங்கே வேலை தேடச் சொல்கிறேன்.