தெற்கே நின்ற ஊசி

1974-ஆம் வருடம், மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பூரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் எங்கள் படிப்பகம் மூன்று நாள் அறிவியல் கண்காட்சி நடத்தியது. அன்று கடைசி நாள். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட, காதர்பேட்டை பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தேன்.

டைரி எழுதும் பழக்கம் எனக்கு வேலையிலிருந்து வந்தது. பனியன் துணி பின்னும் மிஷினில் நூற்றுக்கணக்கான ஊசிகள் வட்டமாக நிற்கும். ஒன்று கெட்டாலும் துணியில் நீளமாக ஒரு கோடு விழும். எந்த மிஷினில், எந்தத் தேதியில், எத்தனையாவது ஊசியை மாற்றினேன் என்று எழுதி வைப்பேன். பிறகு நூலகத்தில் படிப்பதையும் அப்படியே குறிக்கத் தொடங்கினேன்: தேதி, பத்திரிகை, பக்கம்.

முந்தைய டிசம்பரில் அமெரிக்க விண்கலம் ஒன்று வியாழன் கிரகத்தை நெருங்கிக் கடந்து, அதன் காந்தப்புலத்தை அளந்து, அது பூமியுடையதற்கு நேர் எதிர்த் திசையில் இருப்பதைக் காட்டியிருந்தது. அதைப் பற்றிய கட்டுரையை ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் அகராதியோடு உட்கார்ந்து நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் படித்தேன். மிஷின் ஓட்டும் என் நண்பனோடு சேர்ந்து அதற்கு ஒரு மாதிரி வடிவம் செய்தேன்.

கழிவு நூலைப் பூசணிக்காய் அளவுக்குச் சுற்றிப் பழுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டோம். அதுதான் வியாழன். உள்ளே ஒரு சட்டக் காந்தம். பக்கத்தில் எலுமிச்சை அளவில் பூமி, அதற்குள் ஒரு துண்டுக் காந்தம். கழித்துப் போட்ட பனியன் ஊசிகளைக் காந்தமாக்கி இரண்டையும் சுற்றி நூலில் தொங்கவிட்டோம். பனியன் ஊசிக்கு ஒரு முனையில் கொக்கி உண்டு. பூமியைச் சுற்றி நின்ற கொக்கிகள் வடக்கைப் பார்த்தன. வியாழனைச் சுற்றி நின்றவை தெற்கைப் பார்த்தன. அந்தக் காந்தப்புலத்துக்குள்ளேயே சுற்றும் நிலவுகளுக்கு மணி கோத்தோம். பனி மூடிய இரண்டுக்கு மட்டும் அந்துருண்டை. வெயிலில் அவை தேய ஆரம்பித்திருந்தன.

"உன்ற நெலா சாயங்காலத்துக்குள்ள காணாமப் போயிருமாட்ட இருக்குது மாப்ள" என்று நண்பன் கிண்டலடித்தான்.

முதல் பரிசு பெறும் மாதிரியைக் கோயமுத்தூரில் ஒரு கல்லூரிக்குக் கொண்டுபோக வேண்டும்; செய்தவரே மாணவர்களுக்கு விளக்க வேண்டும். கல்லூரி வாசலைக்கூட மிதிக்காதவன் நான். அந்த ஆசையில்தான் மூன்று மாதம் நூல் சுற்றினேன்.

நடுவராக வந்த பேராசிரியர் குனிந்து பார்த்தார். "ஏனுங்க தம்பி, காந்தத்தத் தலகீழா வெச்சுப்போட்டீங்களே?"

"இல்லீங்க ஐயா, வியாழனுக்கு அப்படித்தானுங்க."

"இங்க வடக்க பாக்கற ஊசி அங்க போனா மட்டும் தெக்க பாக்குமாக்கும்?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "தப்பான சேதிய சனங்களுக்குக் காட்டப்படாதுங்க. நாலு மணிக்குத் திரும்ப வருவேன். அதுக்குள்ள சரி பண்ணி வெய்யுங்க. இல்லீன்னா போட்டியில சேத்த முடியாதுங்க."

டைரியை நீட்டினேன். "இது நீங்களே எழுதுனதுதானுங்களே?" என்றார்.

அவர் போனதும் நண்பன் காதோடு சொன்னான்: "திருப்பி வெச்சுப்போடு மாப்ள, ரெண்டு நிமிச வேல. பரிசு வாங்கிப்போட்டு மறுபடி திருப்பிக்கலாம்."

மாதிரியில் ஒன்றுகூடப் பொய்யாக இருக்கக் கூடாது என்று மூன்று மாதம் நண்பனிடம் பேசிய நானே, நூலை விலக்கிக் காந்தத்தைப் பாதி வெளியே இழுத்துவிட்டேன். நான் படித்த ஆங்கிலம்தான் தப்போ என்று பயமாக இருந்தது. கடைசியாக ஒருமுறை டைரியைப் புரட்டினேன். 'மூன்று முறை சரிபார்த்தேன்' என்று என் கையெழுத்திலேயே இருந்தது, பக்க எண்ணோடு. காந்தத்தை உள்ளே தள்ளினேன். அந்தப் பக்கத்தைக் கிழித்து நண்பனிடம் கொடுத்து, அவனைச் சைக்கிளில் நூலகத்துக்கு விரட்டினேன்.

நான்கு மணி ஆயிற்று. பேராசிரியர் வந்துவிட்டார், ஊசிகள் இன்னும் தெற்கைப் பார்த்துக்கொண்டிருந்தன. "பத்து நிமிசம் பொறுங்க ஐயா" என்று கெஞ்சினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது மைதானத்துக்குள் சைக்கிள் நுழைந்தது. பத்திரிகையை வெளியே கொடுக்க விதி இல்லையாம். அதனால் நூலகரே அதை மார்போடு அணைத்துக்கொண்டு, கேரியரில் உட்கார்ந்து வந்திருந்தார்!

பேராசிரியர் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நேராக மேடைக்கு நடந்து மைக்கைப் பிடித்தார். "அந்த வியாழன் சரியாத்தானுங்க இருக்குது. நாந்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன்" என்றார். மைதானமே கை தட்டியது. நண்பன் விசிலடித்தான். முதல் பரிசு எங்களுக்குத்தான்.

அடுத்த மாதம் வியாழனை மடியில் வைத்துக்கொண்டு கோயமுத்தூருக்கு பஸ்ஸில் போனோம். அந்துருண்டைகளைப் புதிதாக மாற்றியிருந்தோம். கல்லூரி வகுப்பில் அதே பேராசிரியர், வியாழனில் ஊசி எந்தப் பக்கம் பார்க்கும் என்று மாணவர்களைக் கேட்டார். எல்லோரும் வடக்கு என்றார்கள். "நானும் அப்படித்தானுங்க சொன்னேன்" என்று சிரித்துவிட்டு, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். நாற்பது நிமிடம் நான் பேசினேன்.

இன்றும் என் டைரியில் எதை எழுதினாலும், அதை எங்கே படித்தேன் என்பதையும் பக்கத்தில் குறித்து வைக்கிறேன். காந்தத்தைப் பாதி இழுத்துவிட்ட என் கையை நிறுத்தியது அப்படிப்பட்ட ஒரு பக்க எண்தான்.