டாக்டர் நல்லவர் என்று நடத்த மரக்காணம் போனேன்

இந்த வருஷம், 2006, மே மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போய்வந்தேன். உப்பளம் பார்க்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். நான் போனது என்னவோ ஒரு நாவலை நடத்துவதற்கு.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துவது என் பிழைப்பு. தபால் வழியில் பி.ஏ. படிப்பவர்களுக்கும் ஞாயிறு வகுப்பு எடுப்பேன். அவர்களில் வேளாங்கண்ணி என்று ஒரு பெண்மணி. என் வயதுதான், முப்பத்தெட்டு. மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை. மற்ற தாள்களையெல்லாம் முடித்துவிட்டார். நாவல் தாளில் மட்டும் இரண்டு முறை ஃபெயில். டிகிரியோடு வந்தால் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். இந்த ரிசல்ட் வரைக்கும்தான் காத்திருப்பார்களாம். சீசன் நேரம் என்பதால் அவரால் வகுப்புக்கு வர முடியவில்லை. பரீட்சைக்கு ஒன்பது நாள்தான் இருந்தது, சரி, நாமே போவோம் என்று கிளம்பினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

நாவலின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நோட்ஸ் கேட்டு மெயில் வரும். பழைய அந்நிய நாட்டுக் கதை, நிறவெறியைப் பற்றியது. ஆற்றங்கரை ஊர் ஒன்றில் கறுப்பினப் படகுக்காரன் ஒருவன். குடித்துவிட்டுப் படகில் எழுந்து நின்ற ஒரு வெள்ளைக்காரன் விழுந்து செத்துப்போகிறான். தள்ளிவிட்டான் என்று சொல்லிப் படகுக்காரனைக் கட்டிப்போடுகிறார்கள். நடந்ததை முழுக்கக் கரையிலிருந்து பார்த்தவர் ஊர் டாக்டர். வெள்ளைக்காரர்தான், ஆனால் கறுப்பர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பின்வாசல் வழியாக இலவசமாக மருந்து கொடுப்பவர். கரையில் அவர் எதுவும் பேசவில்லை. ஒரு வருஷம் கழித்துக் கோர்ட்டில் கண்ணீரோடு உண்மையைச் சொல்கிறார். அதற்குள் எல்லாம் கைமீறி, படகுக்காரன் உயிரோடு இல்லை. பத்து வருஷமாக நான் கொடுக்கும் நோட்ஸில் டாக்டருக்கு நாலு பாயிண்ட்: கருணை, மனசாட்சி, துணிவு, நிறவெறிக்கு எதிரான குரல்.

காலை ஆறு பத்துக்கு பஸ். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முப்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் பதினாலு ரூபாய். வலதுபக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள், கூனிமேடு தாண்டியும் கடல்காற்று வரும். ஏழு இருபதுக்கு இறங்கி, இருபது ரூபாய் பேசி ஒரு ஆட்டோ பிடித்தேன்.

"உப்பு வாங்கற கம்பெனியா சார்?" என்றார் டிரைவர்.

"இல்லப்பா, வாத்தியார்."

"உப்புக்கு எதுக்கு சார் வாத்தியாரு?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

உப்பளத்தைப் போட்டோவில் பார்ப்பது வேறு. எட்டு மணிக்கே கண் கூசுகிறது. பாத்தி பாத்தியாகத் தண்ணீர், ஓரமெல்லாம் வெள்ளைக் குவியல். பலகை கட்டிய நீளக் கழியால் பெண்கள் உப்பை இழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் வெறுங்கால். வேளாங்கண்ணி தூரத்திலிருந்தே கையைக் காட்டினார், பத்து மணிக்கு வேலை முடியும் என்று. ஒவ்வொருவரும் குடிக்கிற தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து, ஈரச் சாக்கில் சுற்றி, வரப்பு மண்ணில் பாதி புதைத்து வைத்திருந்தார்கள். ஜில்லென்று இருக்க நல்ல யோசனை என்று டைரியில் குறித்துக்கொண்டேன்.

கொட்டகையில் உப்பளக்காரர் எனக்கு நாற்காலி போட்டார். தங்கமான மனிதர். கூலிக்காரர் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நோட்டுப் புத்தகம் வாங்கித் தருகிறாராம். பேச்சுவாக்கில் கேட்டார்.

"சொந்த ஊரு எது சார்?"

"பிரம்மதேசம் பக்கம்."

"அங்க எந்தத் தெரு?"

தெருவைச் சொன்னேன். எதற்குக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் தெரியும். அவர் முகம் தெளிந்தது.

பத்து மணிக்கு வேளாங்கண்ணி வந்தார். "சார் ஒனக்குப் பாடம் எடுக்கவா இவ்ளோ தூரம் வந்துருக்காரு? நல்லா படிம்மா," என்றார் உப்பளக்காரர், மனதாரத்தான். பிறகு பானையில் மொண்டு எனக்கு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். வேளாங்கண்ணியிடம் சொம்பைச் சாய்த்துப் பிடித்தார், கையை ஏந்தட்டும் என்று.

"வேணாங்க, எங்கிட்ட இருக்குது," என்று வேளாங்கண்ணி தன் பாட்டிலை எடுத்துக் குடித்தார்.

நான் டம்ளரைக் காலி செய்து, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

வேளாங்கண்ணியின் வீடு காலனியில், கால்மணி நேர நடை. வழியில் நான்தான் பேசிக்கொண்டே போனேன், வெயிலைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும். வீட்டில் எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலி, அவர் கட்டிலில். தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். நாவலை நாலு தரம் படித்திருந்தார். எனக்கு நடத்த ஒன்றும் மிச்சமில்லை.

"டாக்டருக்கு நாலு பாயிண்ட் குடுத்துருக்கீங்க சார். கரையில நிக்கும்போது ஏன் அவரு வாயத் தொறக்கல?"

"அந்தக் காலத்துச் சமூக அழுத்தம்," என்றேன். இதுவும் நோட்ஸில் இருப்பதுதான்.

"கோர்ட்டுல மட்டும் அது இல்லியா? கரையிலயே சொல்லியிருந்தா அவன் தப்பிச்சிருப்பான்."

நான் நோட்ஸைப் புரட்டினேன். அவரே தொடர்ந்தார்.

"டாக்டரு கெட்டவருன்னு சொல்லல சார், நல்லவருதான். உப்பளக்காரரும் நல்லவருதான். போன வருஷம் எம் புள்ளைக்கிக் காய்ச்சல் வந்தப்போ அவருதான் வண்டி புடிச்சுக் குடுத்தாரு." என்னைப் பார்த்தார். "நீங்களும் நல்லவருதான்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது.

பிறகு படகுக்காரனின் மனைவியைப் பற்றிப் பேசினார். நாவலில் அவளுக்கு மூன்றே பக்கம். புருஷனைக் கட்டிப்போட்ட மறுநாள் டாக்டர் வீட்டுக்குப் போகிறாள். பின்வாசலுக்கல்ல, முன்வாசலுக்கு. பிள்ளைக்கு வாங்கிய மருந்துப் பாட்டிலைப் படியில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிவிடுகிறாள். என் நோட்ஸில் அவளுக்கு ஒரே வரி: 'சிறு பாத்திரம்.'

"பாட்டிலத் திருப்பிக் குடுத்துட்டா நாளைக்கிப் புள்ளைக்கி மருந்து கெடையாது. தெரிஞ்சேதான் வெக்கறா. அவளுக்கும் பயமாத்தான் இருந்துருக்கும் சார்," என்றார். பிறகு கேட்டார்: "எக்ஸாம்ல எத எழுதறது?"

திருத்துகிறவர்கள் கையில் என் நோட்ஸ்தான் இருக்கும். அதில் உள்ள பாயிண்டுகளைத் தேடி டிக் போடுவார்கள். எனக்கு அவர் வேலை முக்கியமாகப் பட்டது.

"நோட்ஸையே எழுதுங்க. பாஸ் ஆகணும் இல்லையா?"

"சரிங்க சார்," என்று புத்தகத்தை மூடினார்.

ஒன்றரை மணி பஸ்ஸில் திரும்பினேன். ஒரே நாளில் இரண்டு இடத்தில் டாக்டர் மாதிரியே நடந்திருக்கிறேன் என்பது கூனிமேடு வரும்போதுதான் உறைத்தது. நோட்ஸை விடுங்கள், உங்கள் மனதில் பட்டதை எழுதுங்கள் என்று கடிதம் எழுத நினைத்தேன். ஃபெயிலாகிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு வாரம் யோசித்து, பிறகுதான் தபாலில் போட்டேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மழைக்காலத்தில் உப்பு கிடையாது. பிப்ரவரிக்குப் பிறகு போங்கள். காலை ஏழுக்குள் இருந்தால் வேலையைப் பார்க்கலாம். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கட்டாயம். கேட்காமல் பெண்களைப் போட்டோ எடுக்காதீர்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கொண்டுபோங்கள். கொட்டகையிலும் தண்ணீர் கிடைக்கும். உங்களுக்கு டம்ளரில் கொடுத்தால், பக்கத்தில் நிற்பவருக்கு எதில் கொடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அங்கேயே, அப்போதே கேட்டுவிடுங்கள். தெருவைக் கேட்டால் சொல்லாதீர்கள்.

போன வாரம் வேளாங்கண்ணி எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினார். நாற்பத்து நாலு மார்க், பாஸ். ஒண்ணாம் தேதியிலிருந்து வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்களாம்.

"என் லெட்டர் வந்ததா?" என்றேன்.

"எக்ஸாம் முடிஞ்ச மறுநாளு வந்துச்சு சார்."

"அப்ப எதை எழுதினீங்க?"

"பாட்டிலத் திருப்பிக் குடுத்தவளப் பத்தி ஆறு பக்கம்."

"டாக்டரைப் பத்தி?"

"ரெண்டு வரி எழுதினேன் சார். சிறு பாத்திரம்தானே."