தன் உடம்பைப் பாடமாகக் கொடுத்த டாக்டர் உமையாள்

செய்தி வந்தபோது நான் ஸ்கேன் அறையில் இருந்தேன். படுக்கையில் ஒரு கர்ப்பிணிப் பெண். வயிற்றில் ஜெல் தடவியாகிவிட்டது. விடாமல் அடித்துக்கொண்டிருந்த கைபேசியை எடுத்துப் பார்த்தேன். கோகிலா. எங்களிடம் ரேடியாலஜி மேற்படிப்புப் படித்துவிட்டு இப்போது திண்டுக்கல் பக்கம் வேலை பார்ப்பவர். வேலை நேரத்தில் கூப்பிடும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

“சார், உமையாள் மேடம் காலையில போயிட்டாங்க சார்.”

கைபேசியை வைத்தேன். படுத்திருந்த பெண் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், “பிள்ளைக்கு ஏதும் ஆயிருச்சா டாக்டர்?” என்றாள். பிள்ளை நன்றாக இருக்கிறது, இது வேறு விஷயம் என்று சொல்லித் தேற்றி, அந்த ஸ்கேனை முடித்தேன். அதன்பிறகுதான் வெளியே வந்து உட்கார்ந்தேன்.

டாக்டர் உமையாளை அறிந்தவர்கள் இன்று பல ஊர்களில் இருட்டறைகளில் உட்கார்ந்து ஸ்கேன் படம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் அவரும் ஒரே வயது. இந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரே சமயத்தில் சேர்ந்தோம். நான் கந்தர்வக்கோட்டைக்காரன், வேறு எங்கும் போகத் தோன்றாதவன். அவர் குடும்பம் திருமயம் பக்கத்துக் கிராமத்திலிருந்து எப்போதோ சென்னைக்குப் போய்விட்டது. ஊரில் இருந்தது பெரிய, பூட்டிய வீடு ஒன்றுதான். சென்னையில் பெரிய ஸ்கேன் சென்டர்கள் இருக்க, அவர் ஏன் அரசு வேலைக்கு இங்கே வந்தார் என்று ஒருமுறை கேட்டேன். “அங்க எனக்கு முன்னாடி நூறு பேரு நிக்கிறாங்க சார். இங்கிட்டு நான் வந்தா ஒரு ஆளு கூடுது” என்றார்.

பெருந்தொற்று வந்ததும் எங்கள் துறை ஒரே மாதிரி படங்களின் கிடங்காகிவிட்டது. காலையிலிருந்து மாலைவரை நெஞ்சு சிடி, நெஞ்சு சிடி. புறநோயாளி ஸ்கேன்கள் நின்றுபோயின. மாணவர்களைக் கவச உடை மாட்டி வார்டு வேலைக்கு அனுப்பினார்கள். வார்டு முடிந்தால் லாட்ஜில் தனிமை. ஒரே திரையைச் சுற்றிக் கூடி நின்று படிப்பதுதான் எங்கள் படிப்பு. அது முடியாமல் போயிற்று. அடுத்த வருடம் பரீட்சை எழுத வேண்டியவர்களுக்குக் குடல்வால் அழற்சியைப் பார்த்தே மாதக்கணக்காகியிருந்தது.

உமையாள் பழைய படங்களிலிருந்து நோயாளிகளின் பெயரை நீக்கி, மாணவர்களின் கைபேசிக்கு அனுப்பத் தொடங்கினார். மதியம் அத்தனை பேரும் இணைப்பில் வரவேண்டும். பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லவேண்டும். லாட்ஜ் ஜன்னலோரம் நின்றால்தான் சிலருக்கு டவர் கிடைக்கும். காய்ச்சலோடு படுத்திருந்த ஒரு மாணவர் சொல்லிக்கொண்டு வரும்போதே இருமல் தொடர்ந்தது. “மெதுவாச் சொல்லுங்க, காத்துக்கிட்டு இருக்கோம்” என்று சொல்லி, உமையாள் அவர் முடிக்கும்வரை வேறு யாரையும் பேச விடவில்லை. அந்த நாட்களில் அவர் அடிக்கடி சொன்ன ஒன்று எல்லோருக்கும் நினைவிருக்கும்: “கண்ணு ஏதாவது ஒன்னைப் பாத்ததும் அங்கேயே போய் ஒக்காந்துக்கும். அதை எழுப்பி, மிச்ச இடத்துக்கும் கூட்டிட்டுப் போங்க.”

ஆனால் அல்ட்ராசவுண்டைக் கைபேசியில் சொல்லித்தர முடியாது. அதற்குக் கை பழகவேண்டும். பழகுவதற்காக ஒரு நோயாளியைக் கூடுதல் நேரம் படுக்க வைப்பது அன்று பாவம். “கண்ணு கத்துக்கிருச்சு, கை கத்துக்கலையே” என்று ஒருநாள் என்னிடம் வருத்தப்பட்டார். மறுநாள் தொற்றுப் பரிசோதனை முடித்து வந்திருந்த நான்கைந்து மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஸ்கேன் அறைக்குள் போனார். முகக்கவசத்தோடு தானே படுக்கையில் படுத்துக்கொண்டு, “வாங்க, என்னையப் பாருங்க” என்றார். கூச்சப்பட்டார்கள். அவர் விடவில்லை. வாரத்தில் சில நாட்கள் இப்படி நடந்தது. தன் கல்லீரல், பித்தப்பை, தைராய்டு எல்லாவற்றையும் அவர்களுக்குக் கொடுத்தார்.

அன்று கோகிலாவின் முறை. நான் திரையருகே நின்றுகொண்டிருந்தேன். கல்லீரலைச் சரியாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் வலது சிறுநீரகத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்.

“என்ன, சத்தத்தைக் காணோம்?” என்றார் உமையாள்.

“மேடம், நீங்க எந்திரிங்க மேடம். சார் பாக்கட்டும்.”

“நான் எந்திரிக்கல. நீங்க பாக்கிறதைச் சொல்லுங்க.”

“கட்டி மாதிரி ஒன்னு தெரியுது மேடம்.”

“மாதிரி வேணாம். எங்க இருக்கு, எவ்வளவு இருக்கு, எப்படி இருக்கு?”

கோகிலா சொன்னார். அளவு எடுக்கச் சொல்லி, எடுத்து முடிக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார் உமையாள். பிறகு சொன்னார்: “உங்க கண்ணு அங்கேயே ஒக்காந்திருச்சு கோகிலா. எடது பக்கம் இன்னொரு கிட்னி இருக்கு. அதையும் பாருங்க.”

இடது பக்கம் நன்றாக இருந்தது. “சார், நீங்களும் ஒருதடவை பாத்துருங்க” என்று என்னைக் கேட்டார். பார்த்தேன். கோகிலா சொன்னதில் ஒரு தவறும் இல்லை.

சிடி எடுத்ததில் அது புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவைச் சிகிச்சை உடனே நடக்கவில்லை. அவசரமானவை தவிர மற்றவை நிறுத்தப்பட்டிருந்த காலம் அது. படுக்கைகள் இல்லை, மயக்க மருந்து டாக்டர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார்கள். சென்னையிலிருந்து அவர் அண்ணன் தினமும் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். எங்கே கேட்டாலும் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்த நாட்களிலும் மதிய வகுப்பு நடந்தது. கோகிலா மட்டும் இணைப்பில் வருவதை நிறுத்திக்கொண்டார். உமையாள் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, “நீங்க அதை உண்டாக்கலைம்மா, பாத்தீங்க. பாக்காம விட்டிருந்தாத்தான் நான் வருத்தப்பட்டிருக்கணும்” என்றார். கோகிலா திரும்பி வந்தார்.

கடைசியில் திருச்சியில் சிறுநீரகத்தை எடுத்தார்கள். உமையாள் வேலைக்குத் திரும்பினார். அந்த மாணவர்கள் படிப்பை முடித்துப் போனார்கள். சில வருடங்கள் எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்திருந்தோம். பிறகு ஒரு வறட்டு இருமல் வந்தது. புற்று இம்முறை நுரையீரலில். அந்தக் காத்திருப்புதான் காரணமா, முதலிலேயே பரவியிருந்ததா என்பதை யாராலும் சொல்ல முடியாது. தெரிந்துகொள்ள முடியாது என்று தெரிந்தும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

சென்னை வைத்தியம் போதும் என்று ஆனபிறகு அவர் திருமயம் பக்கத்து வீட்டுக்கு வந்துவிட்டார். போய்ப் பார்த்தேன். பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கியது.

“நோய் திரும்பிருச்சுன்னு சொன்னாரே அந்த டாக்டர், நல்ல மனுஷன்தான் சார்” என்றார். “ஆனா நின்னுக்கிட்டே சொன்னாரு. ஒரு கை கதவுல இருந்துச்சு.”

மூச்சு வாங்கிக்கொண்டு மேலே சொன்னார்:

“நம்ம பிள்ளைகளும் அப்படித்தான் சொல்லப் போறாங்க. அந்த நேரத்துல எல்லாத்தையும் போன்லயே சொல்லிக் குடுத்தோம். மொகத்தைப் பாத்து ஒருத்தர்கிட்ட கெட்ட சேதி சொல்றதை எதுல சொல்லிக் குடுத்தோம்?”

நான் கிளம்பியபோது, “ஒக்காந்து சொல்லச் சொல்லுங்க சார்” என்றார். அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தைகள் அவை.

உமையாள் இறந்தபிறகு, எங்கள் ஊர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் தன் மனைவியை ஸ்கேனுக்கு அழைத்து வந்தார். புற்று கல்லீரல் முழுவதும் பரவியிருந்தது. அந்த அம்மாள் ஜெல்லைத் துடைத்துக்கொண்டு வெளியே போனபின், இன்னொரு முக்காலியை கணவருக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னேன். “பொழச்சுக்கிருவாளா?” என்று கேட்டார். கஷ்டம் என்றேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். நர்ஸ் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். ஆனாலும் அந்த விவசாயி தானாக எழுந்து போகும்வரை நான் எழுந்திருக்கவில்லை. உமையாளிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இதைத்தான்.