சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்கள்

மகள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து முதல் போன் வந்தது. செக்காலை ரோட்டில் எனக்கு ஒரு கடை. வீடுகளுக்கு இன்வெர்ட்டரும் பேட்டரியும் மாட்டிக் கொடுக்கும் தொழில். ஒரு பழைய பேட்டரியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "சார், பாப்பா வாந்தி எடுத்துட்டா. கொஞ்சம் வந்து கூட்டிட்டுப் போறீங்களா?" என்றார் வகுப்பு ஆசிரியை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வண்டியை எடுத்தேன்.

மனைவி அரசுப் பள்ளியில் ஆசிரியை. அப்போது அவளுக்குத் தர்மபுரிப் பக்கம் வேலை. சனிக்கிழமை விடியும்போது வந்து சேருவாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மறுபடி பஸ் ஏறுவாள். வார நாட்களில் வீட்டில் நானும் மகளும்தான்.

பள்ளி அலுவலகத்துக்கு வெளியே பெஞ்சில் மகள் இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வயிறு வலிக்குதா ஆத்தா?"

"தல."

"விழுந்தியா? எங்குட்டும் இடிச்சுக்கிட்டியா?"

"இல்லப்பா. போர்டுல பாதி எழுத்து இல்ல. ஓரத்துல என்னமோ மினுங்குச்சு. பொறவு தல வலிக்க ஆரம்பிச்சிருச்சு."

தோளில் கிடந்த துண்டை அவள் தலைமேல் போட்டு வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டேன். வழிநெடுக நெற்றியை என் முதுகில் அழுத்திக்கொண்டே வந்தாள். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் "ம்" என்று ஒரு சத்தம் வந்தது. வீட்டில் போய்ப் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள். சாயங்காலம் எழுந்து, ஒன்றுமே நடக்காததுபோல் சீனி தொட்டுக்கொள்ளத் தோசை கேட்டாள். வெயில் பட்டதுதான் என்று நினைத்துக்கொண்டேன். இரவு மனைவியிடம் போனில் அப்படித்தான் சொன்னேன். வெளிச்சம் கூசுச்சா என்று மட்டும் கேட்டாள். பிறகு, "தண்ணி நெறையக் குடிக்கச் சொல்லுங்க" என்றாள்.

அடுத்த மாதம் மறுபடி வந்தது. அதன்பிறகு மாதம் என்ற கணக்கெல்லாம் இல்லாமல் வந்தது. கண் டாக்டரிடம் காட்டினோம். பார்வை நன்றாக இருக்கிறது என்றார். நாச்சியாபுரத்தில் இருக்கும் என் அக்கா, "எந்நேரமும் செல்லப் பாத்துக்கிட்டு இருந்தா தல வலிக்காம என்ன செய்யும்?" என்றது. செல்லை வாங்கி வைத்தேன். செல் இல்லாமலும் வலி வந்தது. பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிப்போய்த் தேங்காய் உடைத்தேன். திரும்பும் வழியில் பஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். டீசல் நாற்றம் ஒத்துக்கொள்ளவில்லை என்று பக்கத்தில் இருந்த அம்மாள் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தார். அதை முகர்ந்ததும் இன்னொரு தடவை வாந்தி எடுத்தாள்.

பள்ளியில் ஒரு ஆசிரியர் என்னைத் தனியே கூப்பிட்டு, "கணக்குப் பரீட்சை அன்னைக்குப் பாத்து வருதே சார்" என்றார். வீட்டுக்கு வந்து அவளிடம் கேட்டேன்.

"போன ஞாயித்துக்கெழமயும் வந்துச்சுல்லப்பா. அன்னைக்கு என்ன பரீட்ச?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே யோசித்துப் பார்த்துக் கேட்டதுபோல் இருந்தது.

ஆரம்பத்தில் பள்ளியின் நம்பரைப் பார்த்தாலே எனக்குப் பயம் வந்துவிடும். அது எப்போது நின்றது என்று தெரியவில்லை. கொஞ்ச நாளில் போன் வந்ததும் கை தானாக ஷட்டரை இறக்கும், துண்டை எடுக்கும், சாவியைத் திருகும். வழியில் யாராவது பேச்சுக் கொடுத்தால் நின்று பதில் சொல்லிவிட்டும் போயிருக்கிறேன். பயம் போன இடத்தில் தைரியம் வந்தது என்று சொல்ல மாட்டேன். எதுவும் வரவில்லை.

மதுரையில் பிள்ளைகளுக்கான நரம்பு டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்று கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். மனைவி லீவு போட்டுவிட்டு வந்தாள். மூன்று பேரும் போனோம். முதலில் ஸ்கேன் எடுத்துவரச் சொன்னார்கள். பிள்ளையோடு ஒருவர் உள்ளே இருக்கலாம் என்றதும் நான் போனேன். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, குழாய்க்கு வெளியே தெரிந்த அவளுடைய பாதத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து தகரத்தைத் தட்டுவதுபோல் சத்தம் வந்துகொண்டே இருந்தது. பாதம் சில்லென்று இருந்தது. ஸ்கேனில் என்ன வருமோ என்று நான் யோசித்திருக்க வேண்டும். எந்த வீட்டுக்கு எந்தப் பேட்டரி பாக்கி என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா படங்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல. தலைக்குள்ள எல்லாம் சரியா இருக்கு. இது மைக்ரேன், ஒற்றைத் தலைவலி."

"இம்புட்டுச் சின்னப் பிள்ளைக்குமா?"

"சின்னப் பிள்ளைங்களுக்கும் வரும். குடும்பத்துல யாருக்காவது இருக்கா? அப்பாவுக்கு, அம்மாவுக்கு?"

"எங்க ரெண்டு பேருக்குமே இல்லைங்க" என்றேன் நான்.

மனைவி மேஜைமேல் இருந்த கண்ணாடி பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு இருக்கு டாக்டர்" என்றாள்.

"எப்பருந்து?"

"இவ வயசுல இருந்து."

டாக்டர் எழுதிக்கொண்டார். அவருக்கு அது ஒரு செய்தியே இல்லை. மகள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். "ஒங்களுக்கும் பாதி எழுத்து போயிருமாம்மா?" என்று கேட்டாள். "எனக்கு அது வராது. வலி மட்டும்தான்" என்றாள் மனைவி. அலமாரியில் புளி எங்கே இருக்கிறது என்று சொல்லும் குரலில் அதைச் சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில் மகள் என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். பஸ் மேலூரைத் தாண்டியது.

"ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சின்னதுல எங்கம்மாட்டச் சொன்னேன். 'இத வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத, நாளைக்கு மாப்ள வீட்டுல சீக்காளிப் பிள்ளைம்பாக'ன்னு சொன்னாக. பொறவு யார்ட்டயும் சொல்லல."

"எங்கிட்டயுமா?"

"என்னத்தச் சொல்ல? எல்லாருக்கும் இப்படித்தான் வலிக்கும், எல்லாரும் பொறுத்துக்கிட்டுத்தான் இருக்காகன்னு நெனச்சேன். வேலைக்குப் போன பொறவுதான் இது ஒரு நோவுன்னே தெரிஞ்சுச்சு. அதுக்கப்பறம் சொன்னா, இத்தன நாளா மறச்சியான்னு கேப்பீக."

"சில நாளு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக் கெடப்பியே, அதெல்லாம்?"

"ம்."

"எம்மேல கோவம்னு நெனச்சேன்."

"தெரியும். நீங்களும் முறைச்சுக்கிட்டுப் பேசாம இருப்பீக. அந்த நேரத்துக்கு அது தோதா இருந்துச்சு."

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. என் மௌனம் அவளுக்கு உதவியாக இருந்திருக்கிறது, அதைத்தான் சொன்னாள். நான் வெளியே பார்த்தேன். கல் குவாரி லாரி ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. வருத்தப்பட வேண்டும் என்று தெரிந்தது. அது உள்ளே எங்கேயோ தொலைவில் இருந்தது, கைக்கு எட்டவில்லை.

டாக்டர் தினமும் போட ஒரு மாத்திரையும், வலி தொடங்கியதும் போட வேறொரு மாத்திரையும் கொடுத்திருந்தார். காலைச் சாப்பாட்டை விடக் கூடாது, தூக்கம் கெடக் கூடாது, வலி முற்றும்வரை காத்திருக்கவும் கூடாது என்றார். மிச்சத்தையெல்லாம் மகள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். பின்னறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்தோம். வலியில் கிடக்கும்போது தாளிக்கும் வாசனை ஆகாது என்பதால் அன்றைக்கு ரசம் கிடையாது, கஞ்சிதான். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துவிட்டேன். "அப்பா, ஒங்க சட்ட" என்றாள். பேட்டரி ஆசிட் நாற்றம் எனக்கு மூக்கில் ஏறாமலே போய் வருஷக்கணக்காகிவிட்டது. அன்றிலிருந்து கடையில் ஒரு மாற்றுச் சட்டை தொங்குகிறது.

முதலில் நான் சும்மா இருக்க மாட்டேன். "இப்பப் பரவாயில்லையா? கொறஞ்சிருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். "கேக்காதீக அப்பா. பதில் சொன்னா வலிக்குது" என்றாள். ஆகவே கேட்பதை விட்டேன். கறுப்புத் துணிக்கு இந்தப் பக்கம், தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். அவள் வாந்திக்கு எழுந்தால் வாளியை நகர்த்துவேன். வேறு வேலை கிடையாது. வெளியே காய்கறி வண்டிக்காரரின் ஒலிபெருக்கி தெருமுனைக்கு வரும்போது எழுந்துபோய், கொஞ்சம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு வருவேன். பிறகு அவர் எங்கள் வீடு வந்தால் தானாகவே நிறுத்திவிடுவார்.

பள்ளியில் வலிக்கான மாத்திரையை வாங்கி வைத்துக்கொள்ள முதலில் மறுத்தார்கள். மனைவி தர்மபுரியிலிருந்து வகுப்பு ஆசிரியையிடம் போனில் நெடுநேரம் பேசினாள். ஒரு ஆசிரியைக்கு இன்னொரு ஆசிரியை சொன்னது எடுபட்டது. மகளை ஜன்னலோரத்திலிருந்து மாற்றி உட்கார வைத்தார்கள். வலி வருவது குறைந்தது. குறைந்ததே தவிர, நிற்கவில்லை.

மறு வருஷம் மனைவியின் தம்பிக்குக் கல்யாணம். நெற்குப்பையில் ஒரு பழைய பெரிய வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். மகள் பட்டுப்பாவாடை கட்டி, தலை நிறைய மல்லிகைப்பூ வைத்து, விடிகாலையிலிருந்தே மற்றப் பிள்ளைகளோடு முற்றத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். முகூர்த்தம் நெருங்கியபோது என்னிடம் மெதுவாக நடந்து வந்து, என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, மாமா மூஞ்சில பாதி தெரியல."

தலையிலிருந்து பூவை எடுத்து மாத்திரையைக் கொடுத்தேன். படுக்க இடம் தேடினால் எல்லா அறையிலும் ஆட்கள், பெட்டிகள், மேளக்காரர்களின் பைகள். என் மாமியார் வந்தார். "இப்பவா? கொஞ்ச நேரம் பொறுத்துக்க ஆத்தா. தாலி கட்டுற நேரத்துல ஊரே பாக்கும்" என்றார்.

மணமேடைப் பக்கமிருந்து மனைவி வந்துகொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அக்கா அவள்தான். தாலியின் மிச்ச முடிச்சுகளை அவள்தான் போட வேண்டும்.

"அவ பொறுத்துக்க வேணாம்மா" என்றாள்.

"நா என்ன தப்பாவா சொல்லிட்டேன்?"

"நா பொறுத்துக்கிட்டேன்ல. அது போதும்."

குரல் உயரவில்லை. பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூட இது பேச்சாகத் தெரிந்திருக்காது. மாமியார் தன் மகளின் முகத்தையும் பேத்தியின் முகத்தையும் பார்த்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார். சீர் சாமான்கள் வைத்துப் பூட்டியிருந்த உள்ளறையைத் திறந்து, பாத்திரங்களை ஒதுக்கி, ஜமுக்காளத்தை அவரே விரித்தார். விளக்கைப் போடப் போனவர், சுவிட்சில் கை வைத்துவிட்டு, போடாமல் கையை எடுத்துக்கொண்டார்.

மனைவி மேடைக்குப் போனாள். நான் உள்ளே மகளோடு இருந்தேன். கெட்டிமேளம் தொடங்கியபோது அவள் காதுகளை என் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டேன். அந்தக் கல் சுவர்களுக்குள்ளும் மேளம் வந்தது. என் கைக்குள் அவள் தலை துடிப்பது தெரிந்தது. அட்சதை போட நான் போகவில்லை.

மேளம் அடங்கியதும் மனைவி வந்தாள். கையில் மஞ்சள் ஒட்டியிருந்தது. பட்டுப்புடவையோடு மகளுக்கு அந்தப் பக்கம் படுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒனக்குமா?" என்று கேட்டேன்.

"காலையில இருந்து."

மகளுக்கு வைத்திருந்தது சின்னப் பிள்ளைகளுக்கான அளவு. மனைவியின் பையைத் தேடி எடுத்து அவளுடைய மாத்திரையைக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்து அவள் என் முன்னால் அதைப் போட்டது அதுதான் முதல் தடவை. டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அறைக் கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சாப்பிட வரச் சொல்லி ஆட்கள் வந்தார்கள். "ரெண்டு பேருக்கும் தலவலி, படுத்திருக்காக" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். கடைசிப் பந்தியில் மாமியார் என்னைப் போகச் சொல்லிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

போன வருஷக் கலந்தாய்வில் மனைவிக்குத் திருமயம் பக்கம் மாறுதல் கிடைத்தது. இப்போது தினமும் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். வலி வந்தால் சொல்கிறாள். முன்பு கோபம் என்று நினைத்த நாட்கள் எத்தனை இருந்திருக்கும் என்று சில சமயம் மனசுக்குள் போட்டுப் பார்ப்பேன். எண்ண முடியாது. விட்டுவிடுவேன். மகளுக்குத் தினசரி மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டார். பரீட்சைச் சமயத்திலும் சித்திரை வெயிலிலும் வருகிறது. வகுப்பில் அவளே எழுந்து சொல்லி, மாத்திரை போட்டுக்கொண்டு, அலுவலக அறையில் படுத்துக்கொள்கிறாள். எனக்குப் போன் வருவது அபூர்வம்.

இந்த வருஷம் பள்ளியில் ராமேஸ்வரத்துக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். விடலாமா என்று நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கும்போதே பையை எடுத்து வைத்துவிட்டாள். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது முகம் வெளுத்திருந்தது.

"வந்துச்சா?"

"ம். பாலத்துக்கிட்ட. மாத்திர போட்டுக்கிட்டேன். கடல்ல ஒரு பக்கம் இல்லவே இல்லப்பா. மீதி நல்லாயிருந்துச்சு."

வண்டியில் ஏறிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து நேராகப் படுக்கப் போய்விட்டாள். மனைவி கதவைச் சாத்தினாள். மகளின் செருப்பை வாசலில் தட்டியபோது வெள்ளை மணல் கொட்டியது. விளக்குமாற்றை எடுத்துக் கூட்டித் தள்ளிவிட்டு, சாத்திய கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டேன்.